நிகர எடை

என் கணவர் முப்பத்தோரு வருடமாக எடை போட்டுப் பிழைப்பவர். தக்காளி, வெங்காயம் இல்லை, லாரி. ஊர் முடிந்து கிடங்குகள் தொடங்கும் இடத்தில் சாலையோரமாக ஓர் எடை மேடை இருக்கிறது. தரையோடு தரையாகப் பதித்த இரும்புத் தகட்டின் மேல் லாரி ஏறி நிற்கும். பக்கத்தில், கையை நீட்டிச் சோம்பல் முறித்தால் இரண்டு சுவரும் இடிக்கிற அளவில் ஓர் அறை. அதில் ஒரு ஜன்னல், ஒரு கம்ப்யூட்டர், சீட்டு அடிக்கும் இயந்திரம் ஒன்று, மூட்டை நிறுக்கிற சின்னத் தராசு ஒன்று, பிறகு மிச்சமிருக்கும் இடம் முழுவதும் என் கணவர்.

அந்தத் தொழிலில் தெரிந்துகொள்ள வேண்டியது மூன்றே மூன்று. சரக்கோடு ஏறினால் மொத்த எடை. சரக்கை இறக்கிவிட்டு வந்து ஏறினால் காலி எடை. முதலாவதில் இரண்டாவதைக் கழித்தால் நிகர எடை. உலகத்தில் இதற்கு மேல் எதுவும் இல்லை என்பது அவருடைய வேதாந்தம். சீட்டின் அடியில் 'பெற்றுக்கொண்டவர் கையொப்பம்' என்று ஒரு கோடு இருக்கும். அதில் கையெழுத்துப் போடாமல் எந்த டிரைவரும் அந்த ஜன்னலைத் தாண்ட முடியாது. தராசு முள்ளைப் போல ஒரே இடத்தில் நிற்கிற ஆள் என்பதால் டிரைவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'முள்ளு அண்ணன்'. அது பாராட்டு என்று அவர் இன்றைக்கும் நம்புகிறார்.

ஏமாற்ற வருகிறவர்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பிடிப்பார். பீப்பாயில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு காலி வண்டி என்று வருவார்கள். ஒரு சக்கரத்தைத் தகட்டுக்கு வெளியே நிறுத்துவார்கள். மூட்டைத் தையலைப் பிரித்து, பிரித்த சுவடு தெரியாமல் திரும்பத் தைப்பார்கள். பழைய ஊசி ஓட்டை எது, புது ஓட்டை எது என்று அவர் கட்டைவிரலால் தடவியே சொல்லிவிடுவார். ராத்திரி சாப்பிடும்போது இந்தக் கதைகளையெல்லாம் என்னிடம் சொல்லுவார். நானும் முதல் தடவை கேட்பதுபோல் கேட்பேன்.

நான் தையல்காரி. வீட்டு முன்னறையில் ஒரு மிஷின் போட்டிருக்கிறேன். புதுத்துணி தைப்பதைவிட, பிடித்துக்கொண்டதைப் பிரித்து விடுவதும் தொளதொளத்ததைப் பிடித்துத் தைப்பதும்தான் அதிகம். தன் உடம்பைப் பற்றி மனிதர்கள் வாயால் சொல்கிற எதையும் நான் நம்புவதில்லை. டேப் சொல்வதை நம்புவேன். துவைத்ததில் துணி சுருங்கிவிட்டது என்று சொல்லாத வாடிக்கையாளரை இதுவரை பார்த்ததில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் என் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள், காலையில் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் இயந்திரத்தோடு படுத்துக் கிடக்க வேண்டும். உடம்பில் தேங்கின தண்ணீரை அதுதான் இறக்கும். மற்ற நேரத்தில் நாளுக்கு முக்கால் லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது. ஒரு டம்ளர் தண்ணீரைக் காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் வைத்துக் குடிக்கிற வித்தையை யாராவது கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் என்னிடம் வரலாம்.

இப்படி இருக்கும்போதுதான் என் கணவருடைய ரத்தம் எனக்குப் பொருந்துகிறது என்று தெரிந்தது. அவர் ஒரு சிறுநீரகத்தைக் கொடுக்கலாம். டாக்டர் எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்துவிட்டு, எல்லாம் சரி, ஒன்றைத் தவிர என்றார். அந்த ஒன்று, அவர் தொண்ணூற்றாறு கிலோ. எண்பத்து நாலுக்கு வந்தால்தான் ஆபரேஷன் மேஜையில் ஏற்றுவார்களாம். ஆறு மாதம் அவகாசம். அதற்கு மேல் என் உடம்பு தாங்குமா என்று டாக்டர் சொல்லவில்லை. சொல்லாமல் பேனாவை மூடி வைத்தார்.

ஊருக்கெல்லாம் எடை போட்டுக் கொடுத்த மனுஷனைப் பார்த்து எடை கூடுதல் என்று சொன்னது அவருக்குப் பெரிய அவமானமாகப் போய்விட்டது. பன்னிரண்டு கிலோ என்பது லாரிக் கணக்கில் ஒரு தார்ப்பாய்க்குக்கூட வராது, இதற்கு ஆறு மாதம் எதற்கு என்றார். ஆஸ்பத்திரியில் பெரிய கண்ணாடி போட்ட ஒரு டயட்டீஷியன் பெண் அவரை உட்கார வைத்து ஒரு மணி நேரம் கலோரி, கலோரி என்று விளக்கினாள். நாளுக்கு ஆயிரத்தைந்நூறு கலோரிக்கு மேல் போகக் கூடாது என்று ஓர் அட்டவணையும் கொடுத்தாள். அவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையை ஆட்டினார். வெளியே வந்ததும் அட்டவணையை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "கலோரி எவ்வளவு எடை இருக்கும்?"

அது எடை இல்லை, ஏதோ சூடு மாதிரி என்று அந்தப் பெண் சொன்னாளே என்றேன். சூட்டைத் தராசில் வைக்க முடியுமா என்றார். முடியாதுதான் என்றேன். தராசில் வைக்க முடியாத ஒன்று உடம்பில் எப்படி எடையாக ஏறும் என்று கேட்டார். அட்டவணை அந்தச் சட்டையோடு துவைக்கப்போய்க் கூழாகிவிட்டது.

அவருடைய புத்தியைக் கெடுத்ததில் எனக்கும் பங்கு உண்டு. டயாலிசிஸுக்கு முன்னால் என்னை எடை போட்டு, முடிந்ததும் திரும்ப எடை போட்டு, கட்டிலுக்கு மேலே இருக்கிற பலகையில் எழுதுவார்கள். அந்த வாரம் ஒரு நாள் ஐம்பத்து நாலு புள்ளி மூன்று என்று எழுதியிருந்ததை அழித்து ஐம்பத்தொன்று புள்ளி எட்டு என்று எழுதினார்கள். அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நான்கு மணி நேரத்தில் இரண்டரை கிலோ! எனக்குத் தலை சுற்றிக்கொண்டிருந்தது, அவருக்குப் பொறாமை. வீட்டுக்கு வருகிற வழியிலேயே சித்தாந்தம் தயாராகிவிட்டது. உள்ளே போகிற எடைதான் உடம்பில் ஏறுகிற எடை. கிராமைக் குறைத்தால் கிலோ குறையும்.

மறுநாளிலிருந்து நாளுக்கு நிகர எடை அறுநூறு கிராம், அதற்கு மேல் ஒரு கிராம் வாயில் போகாது என்று தீர்மானம். என் சமையலறையில் ஒரு சின்ன எடை மேடை முளைத்தது. சாப்பாட்டோடு தட்டை வைத்து மொத்த எடை. சாப்பிட்டு முடித்த தட்டை வைத்துக் காலி எடை. கழித்து நிகர எடை. இதை வேலையிடத்திலிருந்து கொண்டுவந்த வெற்றுச் சீட்டுகளில் தேதி, நேரம் போட்டு எழுதிக் கட்டி வைத்தார். 'வண்டி எண்' என்ற இடத்தில் 'காலை', 'மாலை' என்று எழுதியிருந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் யாரிடம் சொன்னாலும் நம்புவதில்லை. நான் வெள்ளரிக்காய் நறுக்கி வைத்தேன். தராசில் வைத்தார், முந்நூற்றிருபது கிராம் காட்டியது. மனுஷர் அதிர்ந்துபோனார். பாதி நாளைக்கான சரக்கு ஒரே வெள்ளரிக்காயில் போய்விடுகிறதே என்று தட்டைத் தள்ளிவிட்டார். காய்கறி சூப் ஒரு கிண்ணம் முந்நூற்றைம்பது. அதைக் கிட்டேயே சேர்க்கவில்லை. தர்ப்பூசணியைப் பார்த்தால் கடைத்தெருவில் எதிர்ப்பக்கம் போய் நடந்தார். அப்புறம் எதைச் சாப்பிட்டார்? லேசான பொருளாகப் பார்த்துச் சாப்பிட்டார். சிப்ஸ் பாக்கெட்டைக் கையில் தூக்கிப் பார்த்து, இதில் என்ன இருக்கிறது, வெறும் காற்று என்று சந்தோஷப்பட்டார். எண்பது கிராம் சிப்ஸ், அறுபது கிராம் சாக்லேட், ரொட்டித் துண்டில் முப்பது கிராம் வெண்ணெய், வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி, இன்னொரு கைப்பிடி, கிரீம் பிஸ்கட் பத்து. ராத்திரி கூட்டிப் பார்த்தால் ஐந்நூற்றெண்பது கிராம்தான் வரும். இருபது கிராம் மிச்சம் பிடித்துவிட்டேன் என்று அந்த இருபது கிராமுக்குப் பாதாம் சாப்பிட்டுவிட்டுப் படுப்பார்.

தண்ணீரையும் குறைத்துக்கொண்டார். ஒரு லிட்டர் குடித்தால் அப்படியே ஒரு கிலோ ஏறுகிறது, நான் மூட்டைத் தராசில் நின்று பார்த்துவிட்டேன் என்றார். சரக்கு முழுவதும் இறங்காத வண்டிக்குக் காலி எடை போடக் கூடாது என்று, அதற்குப் பிறகு அந்தத் தராசில் ஏறவே இல்லை. அதோடு, நீயும் முக்கால் லிட்டர்தானே, நானும் அவ்வளவே குடிக்கிறேன் என்றார். இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அழுகையும் வந்தது, அவர் மண்டையில் ஒன்று போட வேண்டும் போலவும் வந்தது.

இது சரியில்லை என்று எனக்கு மூன்றாவது வாரமே தெரிந்துவிட்டது. கலோரி படித்து இல்லை. காலையில் பேண்ட் போடும்போது அவர் மூச்சை உள்ளே இழுத்துப் பிடிப்பதைப் பார்த்து. இடுப்புப் பொத்தான் காஜாவுக்கு எட்டாமல் தவித்தது. அவர் முகம் வாடிவிட்டது. இவ்வளவு கட்டுப்பாடாக இருந்தும் இப்படியா என்று கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் வேலைக்குப் போன பிறகு மற்ற இரண்டு பேண்ட்டுகளை எடுத்தேன். நல்ல தையல்காரி பின் தையலில் எப்போதும் கொஞ்சம் துணி விட்டுத்தான் தைப்பாள். அதில் அரை இஞ்ச் பிரித்துவிட்டேன். மறுநாள் போட்டுப் பார்த்தவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "பாத்தியா, லூசாயிடுச்சு" என்று இடுப்பில் கையை விட்டுக் காட்டினார். ஆமாம், இளைத்துத்தான் இருக்கிறீர்கள் என்றேன். ஊரில் யாருக்கும் சொல்லாத பொய்யை, என் தொழிலுக்கே அடுக்காத பொய்யை, வீட்டுக்காரருக்குச் சொன்னேன்.

முதல் தடவை பாவம் பார்த்துச் செய்தேன். இரண்டாவது தடவையும் மூன்றாவது தடவையும் பாவம் பார்த்துச் செய்யவில்லை. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அவருடைய அண்ணன் சாதாரணக் குடலிறக்க ஆபரேஷனுக்குப் போய், மேஜையிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. காலையில் என்னிடம் சிரித்துப் பேசிவிட்டுப் போன மனிதர். என் கணவரை அதே மாதிரி மேஜையில் நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் என் கை தையல் பிரிக்கிற பிளேடைத் தேடியது. அவர் எடை இறங்காவிட்டால் ஆபரேஷன் இல்லை. நான் ஒரு வார்த்தை பேச வேண்டாம், எதையும் தடுக்க வேண்டாம். மாதத்துக்கு அரை இஞ்ச் தையல் பிரித்தால் போதும். சிப்ஸ் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

இரண்டரை மாதம் கழித்து ஆஸ்பத்திரியில் எடை பார்க்க நாள் குறித்திருந்தார்கள். அவர் தயாரான விதம் இருக்கிறதே, அதைப் பார்த்து அவருடைய டிரைவர்களே கும்பிட்டிருப்பார்கள். முதல் நாள் காலையிலிருந்து தண்ணீர் கிடையாது. முடியை ஒட்ட வெட்டிக்கொண்டார். பெல்ட், கைக்கடிகாரம், சாவிக்கொத்து, கண்ணாடி எல்லாம் என் பைக்குள் வந்தன. செருப்பை வாசலிலேயே விட்டார். தராசில் ஏறும்போது ஒரு கால் குதிகாலை லேசாகத் தகட்டுக்கு வெளியே தொங்கவிட்டார். முப்பத்தோரு வருடம் மற்றவர்களைக் கையும் களவுமாகப் பிடித்த அத்தனை தந்திரத்தையும் ஒரே காலையில் தானே செய்து முடித்தார். நர்ஸ் குதிகாலை உள்ளே வைக்கச் சொன்னாள்.

தொண்ணூற்றேழு புள்ளி ஆறு. இத்தனை தந்திரத்துக்கும் பிறகு.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த டாக்டரின் முகத்திலும் ஆடவில்லை. தண்ணீரே குடிப்பதில்லையா என்று கேட்டார். எடை போடுவதற்காக நிறுத்தினேன் என்று இவர் உண்மையைச் சொன்னார்.

"நீங்க குடுக்கப்போறது கிட்னி சார். அதைக் காய வச்சுக் கொண்டுவந்திருக்கீங்க. இன்னொரு தடவை இப்படி வந்தா, நீங்க கொடுக்கவே வேண்டாம்னு எழுதிடுவேன். அவங்களுக்கு வேற ஆள் இல்லைனு எனக்கும் தெரியும்."

அங்கிருந்து டயட்டீஷியன் அறைக்கு அனுப்பினார்கள். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று அவள் கேட்டதுதான் தாமதம், இவர் சீட்டுக்கட்டை எடுத்து மேஜையில் வைத்தார். எழுபத்தைந்து நாள், ரப்பர் போட்டுக் கட்டியது. அவள் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். முதலில் மரியாதையோடு பார்த்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். 'வெள்ளரிக்காய், 320 கிராம், அதிக பாரம், திருப்பி அனுப்பப்பட்டது' என்று எழுதியிருந்த சீட்டு வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் ஆயிற்று அவளுக்கு.

"சார், ஒரு லிட்டர் டீசல் எவ்வளவு எடை இருக்கும்?"

"எண்ணூத்தி முப்பது கிராம்" என்றார் இவர். தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவார்.

"தண்ணி?"

"ஒரு கிலோ."

"தண்ணிதானே கனம்? டேங்க்ல அதை ஊத்தினா வண்டி எவ்வளவு தூரம் போகும்?"

இவர் சீட்டுக்கட்டை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவள் சொல்லிக்கொண்டே போனாள். கலோரி என்பது பாரம் இல்லை, எரிபொருள் எவ்வளவு எரியும் என்கிற கணக்கு. அந்த முந்நூற்றிருபது கிராம் வெள்ளரிக்காயில் ஐம்பது கலோரிகூட இல்லை. பெரும்பாலும் தண்ணீர், வந்த வழியே போய்விடும். எண்பது கிராம் சிப்ஸில் நானூற்றுக்கு மேல். ஓடுகிற ஓட்டத்துக்கு மேல் எரிபொருள் வந்தால் உடம்பு அதைக் கொழுப்பாக்கிச் சேர்த்து வைக்கும். ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறக்குறைய ஏழாயிரத்து எழுநூறு கலோரி. நீங்கள் அறுநூறு கிராமில் மூவாயிரம் கலோரியைத் தினமும் ஏற்றியிருக்கிறீர்கள், நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே. உங்கள் மனைவி இறக்குவது வெறும் தண்ணீர். அதைப் பார்த்து நீங்கள் ஆசைப்படக் கூடாது என்றாள்.

அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்தது என்பது கழுத்துச் சிவந்ததில் தெரிந்தது. ஆனால் முள்ளு அண்ணன் லேசில் விடுவாரா? கடைசியாக ஒரு சாட்சி இருந்தது அவரிடம்.

"அப்போ பேண்ட் எப்படி மேடம் லூசாச்சு?"

அவள் டேப்பை எடுத்து இடுப்பைச் சுற்றினாள். நாற்பத்து மூன்று. பழைய கோப்பில் நாற்பத்தொன்றரை. நான் கைப்பையின் ஜிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கை தானாகப் பின்பக்கம் போனது. இடுப்புப் பட்டியை உள்ளே மடக்கிக் கட்டைவிரலால் தடவினார். பழைய ஊசி ஓட்டைகள் வரிசையாக இருக்கும். நூலைப் பிரித்தால் ஓட்டை போய்விடுமா? விரல் ஒரு இடத்தில் நின்றது. என்னைப் பார்த்தார்.

பிறகு டயட்டீஷியன் பக்கம் திரும்பி, "பேண்ட் பழசு மேடம். துணி இளகியிருக்கும்" என்றார். முப்பத்தோரு வருடத்தில் அவர் வாயால் சொன்ன முதல் பொய் அதுதான்.

பஸ் நிறுத்தத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். எங்கள் பஸ் ஒன்று வந்து போனது. அவர் எழுந்திருக்கவில்லை.

"எத்தனை தடவை?"

"மூணு."

"எவ்வளவு?"

"ஒன்றரை இஞ்ச்."

ஏன் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு, "அண்ணன் ஞாபகமா?" என்றார். அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை.

"நீங்க மேஜையில படுக்க வேணாம். நான் மிஷின்ல படுத்துக்கறேன். எனக்குப் பழகிடுச்சு."

"உனக்குப் பழகிடுச்சு" என்றார். "நான் வாரத்துக்கு மூணு நாள் அந்த வராந்தாவுல உக்காந்திருக்கேன். எனக்கு ஒரு நாள்கூடப் பழகலை."

அடுத்த பஸ்ஸில் ஏறினோம். இறங்கும்போது, பிரித்ததையெல்லாம் திரும்பத் தைத்துவிடு என்று மட்டும் சொன்னார். அன்றைக்குச் சாயங்காலமே மூன்று பேண்ட்டையும் பழைய அளவுக்குப் பிடித்தேன். மூன்றும் அவருக்கு இடுப்பைத் தாண்டவில்லை. அதில் ஒன்றை ஆணியில் மாட்டினார். வேலைக்குப் போக, கடையில் நாற்பத்து நாலில் ஒன்று வாங்கிக்கொண்டார்.

மூன்றரை மாதம், பதின்மூன்றரை கிலோ. நடக்கிற காரியமா என்று எனக்கே சந்தேகம். ஆஸ்பத்திரியில் கேட்டதில், கஷ்டம்தான், அவசரப்பட்டுப் பட்டினி கிடக்க வேண்டாம், வாரா வாரம் வந்து காட்டுங்கள், கொஞ்சம் தாமதமானாலும் பார்க்கலாம் என்றார்கள்.

இதற்குப் பிறகு என் வீட்டில் நடந்தது இன்னொரு கொடுமை. கலோரி என்று ஒன்று இல்லவே இல்லை என்று சாதித்தவருக்கு, இப்போது கலோரியைத் தவிர எதுவும் கண்ணில் படவில்லை. புதிதாக மதம் மாறினவர்கூட இவ்வளவு பேசமாட்டார். வெள்ளரிக்காயைக் கிலோக் கணக்கில் வாங்கி வந்து, முன்பு அவமதித்ததற்குப் பிராயச்சித்தம் போல் சாப்பிட்டார். சூப்பைக் கிண்ணத்தில் இல்லை, பாத்திரத்தில் குடித்தார். பருப்பும் முட்டையும் ரொட்டியும் அளவோடு. தண்ணீர் இரண்டரை லிட்டர்; அதைக் குடிக்கும்போது மட்டும் என் கண்ணில் படாமல் பின்கட்டுக்குப் போய்விடுவார். நான் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன்.

மேடையில் லாரி இல்லாத நேரமெல்லாம் வளாகத்தைச் சுற்றி நடந்தார். டீயோடு கிரீம் பிஸ்கட் சாப்பிடுகிற டிரைவரை ஜன்னல் வழியாகக் கூப்பிட்டு, தம்பி, அந்த ஒரு பிஸ்கட் உனக்கு ஒரு கிலோமீட்டர் நடை என்று சொல்லுவாராம். எங்களுக்கு லாரி இருக்கிறது அண்ணே என்று அவர்கள் சொல்லுவார்களாம். சீட்டுகளில் இப்போது 'நிகர எடை' என்பதை அடித்துவிட்டுக் 'கலோரி' என்று எழுதினார். நான் ஒரு துண்டு வெல்லத்தை வாயில் போட்டால்கூட ஓரக்கண்ணால் பார்த்து உதடு அசையும்; கூட்டுகிறார் என்று அர்த்தம். இதற்குப் பேசாமல் சிப்ஸ் சாப்பிட்ட காலத்திலேயே இருந்திருக்கலாம் என்று ஒரு தடவை வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

எண்பத்தொன்பதில் வந்து முள் நின்றுவிட்டது. அதே சாப்பாடு, அதே நடை, மூன்று வாரமாக அசையவில்லை. அந்த மூன்று வாரத்தில்தான் எனக்கு உடம்பு மிகவும் மோசமானது. டயாலிசிஸ் முடிந்தால் எழுந்து நிற்க முடியவில்லை. தையல் மிஷினுக்குத் துணி போட்டு மூடினேன். அவர் ஆணியில் தொங்கிய பேண்ட்டின் முன்னால் உட்கார்ந்து யோசித்தார். பிறகு தனக்குத்தானே சொல்வதுபோல், "லோடு கம்மியானா டீசலும் கம்மியாத்தானே குடிக்கும். பழைய வண்டிக்கு ஊத்தினதையே ஊத்திட்டிருக்கேன்" என்றார். மறுநாளிலிருந்து ஒரு ரொட்டி குறைந்தது, நடை இரண்டு சுற்றுக் கூடியது. டயட்டீஷியனிடம் சொன்னபோது, இதை நான் அடுத்த வாரம் சொல்லலாம் என்று வைத்திருந்தேன் சார் என்றாளாம். அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்த நடையே வேறு.

ஏழாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆணியிலிருந்து பேண்ட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு முன்னறைக்கு வந்தார். பொத்தான் மூச்சுப் பிடிக்காமல் மாட்டியது. இடுப்பில் கையை விட்டுக் காட்டவில்லை. டேப்பை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு நின்றார். முப்பத்தெட்டு. இரண்டாம் தடவை பார்த்தேன், முப்பத்தெட்டுதான். டேப்பை மிஷின் மேல் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். உடம்பின் பலவீனம் என்று நினைத்திருப்பார். பயம். ஆணியில் பேண்ட் தொங்குகிறவரைக்கும் எனக்குக் கொஞ்சம் தைரியம் இருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரித் தராசு. பெல்ட், கடிகாரம், சாவி எல்லாம் அவர் மேலேயே இருந்தன. நர்ஸ் அவற்றைக் கழற்றச் சொன்னாள். கழற்றி வைத்துவிட்டு, பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, அவள் கண் முன்னாலேயே அரை லிட்டரைக் குடித்தார். குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, இரண்டு காலையும் தகட்டின் நடுவில் சேர்த்து வைத்து ஏறினார்.

"இப்போ போடுங்க. தண்ணியோட சேத்து."

எண்பத்து மூன்று புள்ளி எட்டு.

ஆபரேஷன் செய்யப்போகிற டாக்டர் வந்து எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, சந்தேகம் ஏதாவது உண்டா என்றார். ஆபத்து எவ்வளவு, தழும்பு எங்கே, எத்தனை நாள் விடுப்பு என்றுதானே மனிதர்கள் கேட்பார்கள்? இவர் கேட்டது, ஒரு கிட்னி எவ்வளவு எடை இருக்கும் என்று. டாக்டர் கொஞ்சம் யோசித்து, சுமாராக நூற்றைம்பது கிராம் என்றார்.

இவர் மனக்கணக்குப் போட்டார். "பன்னண்டு கிலோ இறக்குனது நூத்தம்பது கிராம் ஏத்தறதுக்கா டாக்டர்?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "பரவாயில்லை. நல்ல சரக்கு" என்றார்.

அவரை முதலில் கூட்டிக்கொண்டு போனார்கள். ஸ்ட்ரெச்சர் திரும்பும்போது கையை உயர்த்தினார். அவருடைய அண்ணனும் இப்படித்தான் கையை உயர்த்தினார். அதற்குள் என்னைக் கூட்டிப்போக ஆள் வந்துவிட்டது. அழக்கூட நேரம் கொடுக்கவில்லை.

கண் விழித்தபோது முதலில் கேட்டது அவரைப் பற்றித்தான். பக்கத்து வார்டில் இருக்கிறார், நன்றாக இருக்கிறார், பேசினார் என்றார்கள். நான் நம்பவில்லை. மனிதர்கள் வாயால் சொல்வதை நான் நம்புகிறவளா? அடுத்த நாள் காலையில் நர்ஸ் ஒரு பெரிய ஜாடி தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தாள். புது சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறதாம். இனிமேல் நிறையக் குடிக்க வேண்டுமாம். டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு, எவ்வளவு என்று பழக்கதோஷத்தில் கேட்டேன். எவ்வளவு வேண்டுமானாலும் என்றாள்.

பிறகு நினைவு வந்தவளாகத் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தாள். உங்கள் வீட்டுக்காரர் கொடுத்தார், கையெழுத்து வாங்காமல் திரும்பி வரக் கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்றாள். எடை மேடைச் சீட்டு. எப்போது பைக்குள் வைத்துக்கொண்டு வந்தாரோ தெரியாது. படுத்துக்கொண்டே எழுதியிருக்க வேண்டும். எழுத்து கோணல்மாணலாக ஏறி இறங்கியிருந்தது. ஆனால் அவர் எழுத்துதான்.

மொத்த எடை: 83.800. காலி எடை: 83.650. நிகர எடை: 0.150.

மேடையில் ஏறி நிற்காமலேயே எழுதின காலி எடை. வேறு யாராவது இப்படி எழுதியிருந்தால் அவர் சீட்டைக் கிழித்துப் போட்டிருப்பார். அடியில் 'பெற்றுக்கொண்டவர் கையொப்பம்' என்ற கோடு காலியாக இருந்தது. கண்ணீர் என் கண்ணை மறைத்தது. கோடு எங்கே இருக்கிறது என்று நர்ஸ்தான் விரல் வைத்துக் காட்டினாள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்து முடித்தேன்.